பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிற கேள்விகள்

எங்கள் வளவுக்குள் மூன்று வீடு. நடுவில் அம்மாவின் பழைய ஓட்டு வீடு, அது கடைசித் தங்கச்சிக்கு. வேலியோரம் நடுத்தங்கச்சியின் வீடு. ரோட்டுப் பக்கம் என்னுடையது. மட்டக்களப்பில் வீடு வளவெல்லாம் பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் என்பதால், அக்கா தங்கச்சிகள் ஒரே கிணற்றைச் சுற்றிக் குடியிருப்பது கல்லடியில் ஒரு புதினமும் இல்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கச்சிமாரின் பிள்ளைகள் நாலு பேரும் சாப்பாட்டுக்கு மட்டும்தான் தங்கள் வீட்டுக்குப் போவார்கள். மற்ற நேரமெல்லாம் என் விறாந்தை.

டிசம்பர் லீவு விட்டதும் "பெரியம்மா, இந்த முறை என்ன?" என்று தொடங்கிவிடும். நாங்கள் சைவக்காரர்தான். ஆனால் பக்கத்து வீட்டுப் பறங்கிக் குடும்பத்தில் நத்தாருக்கு வெடியும் கேக்கும் பரிசுமாக அமளிப்படும்போது, எங்கள் பிள்ளைகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதை அம்மாவால் பொறுக்க ஏலாது. நத்தாருக்கு எங்கள் பிள்ளைகளுக்கும் பரிசு கொடுப்பது அம்மா தொடக்கிவைத்த வழக்கம், இப்போது என் தலையில்.

நாலும் ஓயாமல் கேள்வி கேட்கிற பிள்ளைகள். ஊரில் இதற்குக் 'கெட்டிக்காரப் பிள்ளை' என்று பெயர் வைத்து, உடனே கையில் மாதிரி வினாத்தாள் புத்தகத்தைத் திணித்துவிடுவார்கள். நடுவிலாளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறது. போன பிறந்தநாளுக்கு அவளுக்கு வந்த பரிசுகளில் மூன்று வினாத்தாள் தொகுப்பு. அதில் இரண்டு ஒரே புத்தகம். பிள்ளை அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, "இத நீங்க செய்ங்க பெரியம்மா" என்றாள்.

மற்றவர்களைச் சொல்லி என்ன, நானும் பிழை விட்டவள்தான். மூன்று வருஷத்துக்கு முன் மூத்தவளுக்கு ஒரு தொலைக்காட்டி வாங்கினேன். கொழும்புக் கடை ஒன்றுக்கு ஓர்டர் பண்ணி எடுப்பித்தது, 18,000 ரூபா. பெட்டியில் சனிக் கிரகம் வளையத்தோடு பளபளவென்று நின்றது. பக்கத்தில் '675 மடங்கு' என்று கொட்டை எழுத்து. சாமான் வந்து சேர்ந்தது டிசம்பர் நடுவில். டிசம்பரில் மட்டக்களப்பில் வானம் எங்கே இருக்கிறது? இரண்டு கிழமைக்கு மேல் அது கட்டிலுக்குக் கீழே கிடந்தது. வானம் வெளித்த அன்று முற்றத்தில் வைத்தோம். முக்காலி கோழிக்குஞ்சின் கால் மாதிரி. சரிப்படுத்தத் தொட்டால் போதும், சந்திரன் துள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிடும்.

மறுகாதான் தேடிப் படித்தேன். முன் கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீற்றரோ, அதன் இரண்டு மடங்குதான் ஒரு தொலைக்காட்டி உருப்படியாகக் காட்டக்கூடிய பெருக்கத்தின் எல்லையாம். எங்களுடையது 50 மில்லிமீற்றர். அப்படியென்றால் 100 மடங்கு. அதற்கு மேலே போனால் மங்கல்தான் பெரிதாகும். அந்த 675-ஐப் பச்சைப் பொய் என்று சொல்ல வரவில்லை, வில்லைகளை அடுக்கிக் கணக்குப் பார்த்தால் அந்த எண் வரும். பார்க்கத்தான் ஒன்றும் இராது. அந்தக் காசுக்கு ஒரு 10×50 பைனோகுலர் வாங்கியிருக்கலாம். 10 என்பது பெருக்கம், 50 என்பது கண்ணாடியின் விட்டம். கையை மதிலில் ஊன்றிப் பிடித்தால் வியாழனைச் சுற்றும் நாலு சந்திரன்களும் அதில் தெரியும், கலிலியோ 1610-இல் கண்ட அதே நாலு. மழைக்குள் வானம் இல்லாவிட்டாலும் வாவியில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் எப்படியும் இருக்கும். தொலைக்காட்டி இப்போது அலுமாரிக்கு மேலே. அதன் முக்காலியில் தங்கச்சி வெங்காயக் கூடை வைத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து பெட்டியில் 'எட்டு வயதுக்கு மேல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நான் ஒன்றும் வாங்குவதில்லை. எங்கள் வீட்டில் நாள் கலண்டர் தொங்குகிறது, காலையில் ஒற்றை கிழிப்பது என் வேலை. கிழித்த ஒற்றையின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் எனக்குப் பதில் வராதவற்றை அதில் எழுதி, ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைப்பேன். போன டிசம்பரில் டின்னைத் திறந்தபோது 41 ஒற்றை இருந்தது. பாதிக் கேள்வி சாமான் வாங்கித் தீர்க்கிற சாதி இல்லை. "சாமிக்குப் படைக்கிற வடைய ஆரு திங்கிற?" என்பதற்கு எந்தக் கடையில் போய் நிற்பது? மிச்சத்தில் ஆளுக்கு ஒன்றாக நாலு எடுத்தேன்.

கடைக்குட்டிக்கு ஆறு வயது. அவன் கேட்டது: "பெக்கோட கைக்குள்ள எலும்பும் இல்ல சதையும் இல்ல, எப்பிடி மண்ண அள்ளுது?" வெள்ளத்துக்குப் பிறகு ரோட்டோர வாய்க்காலைத் துப்புரவாக்க ஒரு பெக்கோ, அதுதான் மண் தோண்டுகிற இயந்திரம், வந்து மூன்று நாள் நின்றது. மூன்று நாளும் இவன் மதிலில்.

நான் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளர். ஆகவே என் புத்தி ஊசிக்குத்தான் போனது. டவுனில் ஒரு பார்மசியில் ஊசிமுனை இல்லாத சிறிஞ்சு, 5 மில்லிலீற்றரில் மூன்று, 20 மில்லிலீற்றரில் மூன்று வாங்கினேன். (ஆஸ்பத்திரியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தேன் என்று ஆரும் நினைக்க வேண்டாம், பில் இருக்கிறது.) மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கிற மெல்லிய குழாய் இரண்டு மீற்றர். எல்லாம் சேர்த்தும் ஆயிரம் ரூபா வரவில்லை. வண்ணத்தாளில் சுற்றிக் கொடுத்தபோது அவனுடைய அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "என்னக்கா, புள்ளைக்கு ஊசியா குடுக்கிற?"

முதலில் இரண்டு 5 மில்லிலீற்றர் சிறிஞ்சைக் குழாயால் இணைத்துக் கையில் கொடுத்தேன். இதை அமத்தினால் அது எழும்பும். அவன் முதலில் செய்தது, பெட்டரி எங்கே ஒளித்திருக்கிறது என்று திருப்பிப் பார்த்ததுதான். பிறகு தண்ணியில் கொஞ்சம் சிவப்புக் கலர் கரைத்து நிரப்பினோம். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றுவிட்டது. அமத்தினால் மற்றது உடனே எழும்பாமல் சோம்பேறித்தனமாக, ஸ்பிரிங் போல ஆடி ஆடி வந்தது. அதைக் கண்டுபிடித்தது அவன்தான்: "காத்து நசியுது பெரியம்மா, தண்ணி நசியல்ல." விரல் நுனியால் குழாயைச் சுண்டிச் சுண்டி அந்தக் குமிழியை மேலே ஏற்றி வெளியே விட்டான். நாங்கள் ஊசி போடுவதற்கு முன் சுண்டுவோமே, அதே சுண்டு. ஆரும் காட்டிக் கொடுக்கவில்லை.

அடுத்தது சின்னதையும் பெரியதையும் இணைத்தோம். சின்னதை முழுக்க அமத்தினாலும் பெரியது கொஞ்சம்தான் எழும்புகிறது. முகம் வாடிவிட்டது. "இது சரியில்ல." அண்ணனைக் கூப்பிட்டு, பெரியதைப் பெருவிரலால் அமத்திப் பிடித்திருக்கச் சொன்னேன். இவன் சின்னதை அமத்தினான். பதினொரு வயதுக்காரனின் விரலைத் தள்ளிக்கொண்டு பெரியது எழும்பியது. திரும்பவும் அமத்தினான். திரும்பவும் எழும்பியது. அண்ணனுக்குக் கோபம், இவனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு, பலமும் நாலு மடங்கு, போகிற தூரம் மட்டும் நாலில் ஒன்று என்று நான் தொடங்கியபோது கேட்க ஆள் இல்லை. சிறிஞ்சைத் தூக்கிக்கொண்டு அப்பாவைத் தோற்கடிக்க ஓடிவிட்டான். அப்பாவும் தோற்றார், மாமாவும் தோற்றார், மீன்காரரும் சைக்கிளை நிற்பாட்டிவைத்துத் தோற்றுவிட்டுப் போனார்.

பெக்கோவின் கையைச் சவர்க்காரப் பெட்டி மட்டையில்தான் முதலில் செய்தோம். தண்ணி கசிந்து இரண்டாம் நாளே கஞ்சியாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பறங்கி ஐயா தச்சு வேலைக்காரர். மெல்லிய பலகையில் நாலு துண்டு அரிந்து, துளை போட்டுத் தந்தார். ஆணிக்குப் பதில் ஈர்க்கில். ஒரு தீப்பெட்டி அளவு மண்ணை அள்ளி அரையடி தள்ளிக் கொட்டுகிற வரைக்கும் வர லீவு முடிந்துவிட்டது.

நடுவிலாளின் ஒற்றையில் இருந்தது: "தண்ணிய லீற்றரில அளக்கிற, மழைய மட்டும் ஏன் அடிமட்டத்தால அளக்கிற?" ரேடியோவில் '100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை' என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். எனக்குப் பிடித்த கேள்வி. அவளுக்கு நேரான பக்கங்கள் கொண்ட ஒரு பெரிய சோடாப் போத்தல், ஒரு அடிமட்டம், நல்ல மட்டை போட்ட ஒரு கொப்பி. போத்தலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனலாக உள்ளே கவிழ்க்க வேண்டும். அடி மேடு பள்ளமாக இருப்பதால் சின்னக் கல்லும் தண்ணியும் போட்டு நேரான இடம் வரை நிரப்பி, அங்கே பூச்சியக் கோடு. மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வைத்து, வளிமண்டலவியல் திணைக்களம் அளக்கிற அதே காலை 8.30-க்கு அளக்க வேண்டும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் சரியாக ஒரு லீற்றர். எங்கள் அம்மாவின் ஓட்டுக்கூரை நிலத்தில் மூடுகிற இடம் ஏறத்தாழ 60 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் விழுந்தால் 6,000 லீற்றர், அதாவது நாங்கள் வைத்திருக்கிற கறுப்புத் தண்ணித் தாங்கி போல ஆறு. ஒரே நாளில், ஒரு கூரையில். வெள்ளம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கே அன்றுதான் விளங்கியது.

"78 சூறாவளிக்கு எத்தின மில்லிமீற்றர் அம்மம்மா?" என்று போய்க் கேட்டாளாம். 1978 நவம்பர் 23-ஐ அம்மா மறக்கிற ஆள் இல்லை. "அண்டைக்கு ஓடெல்லாம் பறந்திச்சு புள்ள, ஆரு போத்தல் வச்சி அளந்த?"

ஆனால் இந்தக் கதையில் நான் சொல்லாமல் தாண்டிப் போக நினைத்த ஒன்று இருக்கிறது. வண்ணத்தாளைப் பிரித்து வெறும் போத்தலைக் கண்டபோது நடுவிலாளின் கண் நிறைந்துவிட்டது. வேலிக்கு அங்கால் இருக்கிற அவள் வயதுப் பிள்ளைக்கு அன்று தலைமயிர் சீவக்கூடிய ஒரு பாவை வந்திருந்தது. எனக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. இரவு தாயிடம் சொன்னாளாம்: "நான் கேட்ட கேள்விக்குப் பெரியம்மா சாமான் தந்தா. நான் கேட்ட பாவைக்குத் தரல்லியே." பாவை வேண்டும் என்று அவள் மூன்று தரம் கேட்டிருக்கிறாள். அது பதில் தெரியாத கேள்வி இல்லை என்பதால் நான் ஒற்றையில் எழுதவே இல்லை. மழை அளக்கிற பிள்ளைக்குப் பாவையின் தலையைச் சீவவும் ஆசை இருக்கும் என்று யோசிக்காத என் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல? பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்தேன். இரண்டும் இப்போது ஒரே யன்னலில் இருக்கின்றன.

பதினொரு வயதுக்காரனின் கேள்வி சுருக்கம்: "916 எண்டா என்ன?" கலியாண வீடு ஒன்றில் நகை பற்றிய கதையில் காதில் விழுந்தது. 24-இல் 22 பங்கு தங்கம், 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.916 சொச்சம், அவ்வளவுதான். கல்முனையில் தட்டார்மாருக்குச் சாமான் விற்கிற ஒரு கடையில் அவர்கள் கண்ணில் இடுக்குகிற பத்து மடங்கு வில்லை ஒன்று வாங்கினேன். விளையாட்டுச் சாமான் கடையில் விற்கிற பிளாஸ்டிக் நுணுக்குக்காட்டியைவிட இது எவ்வளவோ மேல். பாவிக்கிற முறை ஒன்று இருக்கிறது: வில்லையைக் கண்ணோடு ஒட்டப் பிடித்து, பார்க்கிற பொருளை இரண்டரை சென்ரிமீற்றர் வரை கிட்டக் கொண்டுவர வேண்டும். பூதக்கண்ணாடி போலத் தள்ளிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. வந்த அன்றே வீட்டிலுள்ள அத்தனை காப்பு, சங்கிலி, தோட்டின் முத்திரையையும் வாசித்து முடித்தான். 22 கரட் என்று சொல்லி எனக்கு விற்ற ஒரு மோதிரத்தில் முத்திரையே இல்லை என்று சபையில் அறிவித்தான். அதை எந்தக் கடையில் வாங்கினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நகை முடிந்த பிறகு கடற்கரை மணல். பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை மணலில் இழுத்தால் கறுப்பு மீசை போல ஒட்டிக்கொண்டு வரும். வில்லைக்குக் கீழே அந்த மணிகள் கருங்கண்ணாடி போல மினுங்குகின்றன.

லண்டனில் இருக்கிற தம்பி பிள்ளைகளுக்கு டெப் அனுப்பவா என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பான். இந்த முறை ஃபோல்ட்ஸ்கோப் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் என்பவரும் அவருடைய ஆட்களும் செய்த கடதாசி நுணுக்குக்காட்டி. மடித்துச் செய்வது, குண்டுமணி போல ஒரு சின்னக் கண்ணாடிக் கோளம்தான் வில்லை, 140 மடங்கு. கிணற்றுத் தண்ணியை அதில் பார்த்தால் என் தங்கச்சிமார் பிறகு அந்தத் தண்ணியைக் குடிப்பார்களோ தெரியாது.

தொழில் காரணமாக ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பாட்டுப் பாடுகிற, லைட் எரிகிற மலிவுச் சாமான்களில் பொத்தான் மாதிரித் தட்டைப் பெட்டரி இருக்கும். அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இல்லாவிட்டால் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். விழுங்கிய பிள்ளையின் உணவுக்குழாயை இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே அது எரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கும் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைத்துப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சின்ன, பலமான காந்த மணிகளும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் காந்தம் பெரியது, வாய்க்குள் போகாது.

மூத்தவளுக்குப் பதினாலு. அவளுடைய கேள்வி எங்கள் ஊர்க் கேள்வி. "மீன் உண்மையா பாடுதா, இல்லாட்டி எல்லாரும் சும்மா சொல்றயா?" மட்டக்களப்பு என்றாலே மீன்பாடும் தேன்நாடு. பஸ்ஸில், பள்ளிக்கூடச் சின்னத்தில், கடைப் பலகையில் எல்லாம் மீன் பாடுகிறது. 1892-இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இந்த ஓசையை நீரரமகளிரின், அதாவது நீருக்குள் வாழும் தேவதைப் பெண்களின், இசையாக்கிப் பாடினார். அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியும்கூட என்பதை மூத்தவள் இப்போதுதான் அறிந்து ஆச்சரியப்பட்டாள். மைக்கேல் கல்லூரியில் படிப்பித்த யேசு சபைப் பாதிரிமார் தண்ணிக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவே செய்தார்கள். ஆனால் எங்கள் வளவில் தன் காதால் கேட்டவர் என்றால் அப்பா ஒருவர்தான், அவரும் இப்போது இல்லை.

அவளுக்கு வாங்கியது: 27 மில்லிமீற்றர் விட்டமுள்ள பீசோ தட்டு மூன்று, கொஞ்ச வயர், ஒரு சின்ன ஈயம் பற்றவைக்கிற கருவி. பீசோ தட்டு என்பது பித்தளைக் காசு மாதிரி மெல்லியது. பாட்டுப் பாடுகிற வாழ்த்து மட்டைக்குள் சத்தம் போடுவது அதுதான். மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் கொடுக்கும். கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டுபிடித்த சங்கதி. ஆகவே சத்தம் போடுகிற தட்டையே சத்தம் கேட்கிற தட்டாகவும் வைத்துக்கொள்ளலாம். முதல் தட்டைச் சூட்டில் கருக்கினாள். இரண்டாவதில் ஈயம் உருண்டை உருண்டையாக நின்றது. மூன்றாவது பிடித்தது. பலூனுக்குள் போட்டு, வாயை நூலால் இறுக்கி, சிலிக்கன் பூசி, பழைய கம்பியூட்டர் ஸ்பீக்கரின் வயரோடு இணைத்தாள். தண்ணிப் பெரலுக்குள் இறக்கி வெளிப்பக்கம் நகத்தால் சுரண்டினால், ஸ்பீக்கரில் மரம் அரிகிற சத்தம். நாலு பிள்ளைகளும் பெரலைச் சுற்றி நின்று ஒரு பின்னேரம் முழுக்கச் சுரண்டினார்கள்.

மழை விட்ட ஒரு பின்னேரம் கல்லடிப் பாலத்தடிக்குக் கொண்டுபோனோம். 1924-இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தின் பக்கம். வாவி செம்மண் கலரில் இழுத்துக்கொண்டு ஓடியது. வயரை இறக்கினாள். முதலில் இரைச்சல். பிறகு சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு பொரியல் சத்தம். அதற்குள் டொக டொக டொக என்று ஒன்று வளர்ந்துகொண்டே வந்தது. மூத்தவள் என் கையைப் பிடித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வளைவுக்கு அங்காலிருந்து ஒரு எஞ்சின் தோணி வெளியே வந்தது.

கரையில் வலையில் சருகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஐயா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பலூனையும் ஸ்பீக்கரையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார்.

"மீனா கேக்க வந்தயள்? மாரி வெள்ளத்துக்குள்ள அது பாடாது புள்ள. சித்திரைக்குப் பிறகு, கோடையில, பறுவ நாளில, நிலவு முழுசா இருக்கிற ராவைக்கி வாங்க."

"இந்த மைக் காணுமா ஐயா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"மைக் என்னத்துக்கு? துடுப்ப தண்ணிக்குள்ள வச்சி மற்றத் தலையில காதக் குடு. போதும்."

வீட்டுக்கு வரும் வரைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. மூன்று தட்டு, இரண்டு கிழமை, சுட்ட விரல் ஒன்று. ஒரு மரத் துடுப்பு எப்படி அதே வேலையைச் செய்யும் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குசினிக்குள் போய் அகப்பைக் காம்பைப் பெரலுக்குள் விட்டு மற்ற முனையில் காதை வைத்துக்கொண்டு, தம்பியைச் சுரண்டச் சொன்னாள். கேட்டதாம்.

இந்த வருஷத்து டின்னில் அவளுடைய கையெழுத்தில் ஒரு ஒற்றை கிடக்கிறது, ஜனவரித் தேதி. "நல்ல துடுப்பு ஒண்டு என்ன விலை?"